மஞ்சள் குடைக்காரிக்குப் பட்ட கடன்

பன்னிரண்டாயிரத்து நானூற்று எழுபது காசு. அதுதான் தராசு பட்ட கடன். ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம் ஆகவில்லை, நாற்காலியில் முதுகைச் சாய்க்கக்கூட இல்லை, அதற்குள் டிவிக்குள் மஞ்சள் குடை பிடித்த ஒரு கடைக்காரி நேராக வந்து எதிரே நின்றாள். அவள் காலடியில் வெள்ளையாக ஒரு கட்டம் விரிந்தது. கட்டத்தில் எழுத்து வந்தது. அவர் முதல் இரண்டு சொல்லைக் கூட்டிப் படித்துவிட்டு மூன்றாவதைத் தொடுவதற்குள் கட்டம் மடிந்து மறைந்தது. கடைக்காரி குடையைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டாள். திரையின் மேல் மூலையில் மட்டும் சிவப்பாக ஒன்று தொங்கியது: கடன் 12,470.

"இவ யாரு? நான் எப்ப இவகிட்ட கை நீட்டினேன்?" என்றார் தராசு.

பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த மகள் மடியில் இருந்த நோட்டில் எழுதினாள்.

"உன்னத்தான் கேக்கறேன் பாப்பா."

"நான் உதவி பண்ணக் கூடாதுப்பா. நீங்களா பார்த்து நீங்களா கண்டுபிடிக்கணும். மனசுல என்ன தோணுதோ அத வாய்விட்டுச் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

"தோணுறத எல்லாம் சொன்னா நீ நோட்டத் தூக்கிப் போட்டுட்டு ஓடிடுவ."

அதையும் எழுதினாள்.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. தானியக் கிடங்கில் இருபத்தெட்டு வருஷமாக மூட்டை தூக்குகிறார். மூட்டை தோளில் இறங்கியதும் எடை சொல்லிவிடுவார். அவர் சொன்ன எடையும் இரும்புத் தராசு காட்டுகிற எடையும் ஒத்துப்போகவில்லை என்றால், மேற்பார்வையாளர் முதலில் இரும்புத் தராசைத்தான் தட்டிப் பார்ப்பார். அப்படி வந்த பெயர். அந்தக் கிடங்கில் இப்போது தரையைப் பெயர்த்துச் சிமெண்ட் போடுகிறார்கள். நாலு நாள் வேலை கிடையாது. நாலு நாளும் காலை நீட்டிப் படுப்பது என்று முடிவு செய்திருந்தவரை மகள் மடக்கிப் பிடித்துவிட்டாள்.

மகள் வீடியோ கேம் செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். நிலத்தை உழுது, பயிர் வைத்து, ஊர்க்காரர்களோடு பழகி வாழ்கிற ஒரு கேமை ஒன்றரை வருஷமாகத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தாள். கடைக்காரி பேசுவது, தபால்காரன் பேசுவது, விதைப் பொட்டலத்தின் மேல் இருப்பது எல்லாம் இவள் எழுதியது. அதை வெளியே விடுவதற்கு முன், வாழ்நாளில் கேமையே தொடாத ஒரு ஆள் ஒரு பருவம் முழுக்க ஆடிக் காட்ட வேண்டும். ஒரு பருவம் என்றால் ஆட்டத்தில் இருபத்தெட்டு நாள். ஆட்டத்தின் ஒரு நாள் நமக்கு ஒன்பது நிமிடம். ஒரு மத்தியானத்துக்கு ஏழு நாள் என்று வைத்தால் நாலு மத்தியானத்தில் முடிந்துவிடும்.

"கேம்னா என்னன்னே தெரியாத ஆளு, உங்கள விட்டா எனக்கு யாருப்பா?" என்று கேட்டிருந்தாள்.

"கூலி?"

"டீ."

அந்த டீ இப்போது பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. தராசின் இரண்டு கையும் கன்ட்ரோலரில் மாட்டியிருந்தன. ஐம்பத்து மூன்று வயதில் கட்டைவிரலால் நடக்கக் கற்றுக்கொள்வது லேசான காரியமில்லை. திரைக்குள் இருந்த ஆள் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு சுவரில் முட்டினான், வேலியில் முட்டினான், திரும்பி வந்து அதே சுவரில் முட்டினான்.

"குடிச்சிருக்கானா இவன்?"

ஒருவழியாக நிலத்துக்கு வந்து மண்ணைக் கொத்தி, எட்டு விதை போட்டு, எட்டுக்கும் தண்ணீர் ஊற்றினார். எட்டாவதற்கு ஊற்றி முடித்ததும் தொப்பிக்காரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"என்னது இது? எட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்தினதுக்கா? இந்த உடம்ப வச்சுக்கிட்டு இவனுக்கு எவன் நிலம் கொடுத்தான்? எங்க கிடங்குல முதல் லாரி முடியறதுக்குள்ள இவன வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

அதோடு நின்றதா? ஒரு பட்டனுக்குப் பதில் இன்னொரு பட்டனை அழுத்த, தொப்பிக்காரன் மண்வெட்டியை எடுத்து, அப்போதுதான் போட்ட விதையில் மூன்றைக் கொத்தி வெளியே எறிந்தான். தராசு தலையில் அடித்துக்கொள்ளப் போனார். கையில் கன்ட்ரோலர் இருந்தது. நெற்றியில் பட்டது.

மறுநாள் மழை பெய்தது. மழையிலும் நின்று தண்ணீர் ஊற்றினார். தபால்காரன் வேலியோரம் நின்று ஏதோ சொல்லிச் சிரித்தான். கட்டம் விரிந்தது, மடிந்தது. மழையில் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தராசு 'மழை' என்ற சொல்லைப் பிடித்தார், மிச்சம் போய்விட்டது. தலையை மட்டும் ஆட்டிவைத்தார்.

அந்தத் தலையாட்டல் பழைய பழக்கம். அவர் எழுத்துக் கற்றுக்கொண்டது நாற்பத்தாறாவது வயதில், கிடங்கு மாடியில் நடந்த மாலை வகுப்பில். அதற்குப் பிறகு எதையும் படிப்பார். மூட்டையில் ஒட்டிய சீட்டு, பஸ்ஸின் நெற்றி, மகள் போனில் அனுப்புகிற நாலு வரி, எல்லாமே படிப்பார். ஆனால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுத்தான் போவார். யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால், மற்றவர்கள் அதை எவ்வளவு நேரம் பார்ப்பார்களோ அவ்வளவு நேரம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார். விட்டுப்போனதை இடைவேளையில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்வார். ஏழு வருஷமாக யாரும் கண்டுபிடித்ததில்லை. வீட்டிலும்தான். இந்தக் கட்டம் மட்டும் இடைவேளை வரை காத்திருக்க மாட்டேன் என்றது.

கடைக்காரி சொன்னதில் அவர் படித்தது 'இந்தக் கடனை' என்பதுதான். மிச்சத்தைப் படிக்கத் தேவையில்லை என்று நினைத்தார். கடன் கொடுத்தவர்கள் அந்தச் சொற்களுக்குப் பிறகு என்ன சொல்வார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கூலிக்கு முன்பணம் வாங்கி, அதைக் கழிக்க இரண்டு வருஷம் முதுகொடிந்தவர் அவர். அதனால் முதல் அறுவடையில் வந்த ஐந்து முள்ளங்கியையும் நேராகக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரி முன் நின்று, ஒன்றைக் கையில் எடுத்து, பட்டனை அழுத்தினார்.

கடைக்காரி துள்ளினாள். கட்டம் விரிந்தது, மறைந்தது. அவள் தலைக்கு மேல் சிவப்பாக ஒரு இதயம் மின்னியது.

தராசு மேல் மூலையைப் பார்த்தார். கடன் 12,470.

"வரவு வைக்கலையே."

அவள் கவனிக்கவில்லை போல என்று இரண்டாவது முள்ளங்கியையும் கொடுத்தார். ஒரு இதயம். மூன்றாவது. இன்னொரு இதயம். மிச்ச இரண்டும் போயின. கடன் அப்படியே நின்றது.

"அடிப்பாவி! அஞ்சையும் வாங்கி உள்ள வச்சுக்கிட்டா. ஒரு காசு குறைக்கல. சிரிப்பு மட்டும் சிரிக்கறா. பாப்பா, இத எழுது. எடையும் போடல, விலையும் பேசல, சீட்டும் கொடுக்கல."

மகள் எழுதினாள். எழுதும்போது அவள் புருவம் ஏறியிருந்ததைத் தராசு பார்க்கவில்லை. அப்பா இவ்வளவு சீக்கிரம் கடைக்காரிக்குப் பரிசு கொடுத்து நட்புப் பிடிக்கிறாரே என்று அவள் உள்ளுக்குள் வியந்துகொண்டிருந்தாள். வரவு, சீட்டு என்பதெல்லாம் அப்பாவின் வழக்கமான நையாண்டி என்று நினைத்தாள்.

முதல் மத்தியானம் முடிந்தபோது தராசு கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தார். "இந்தா பாரு. என்னால ஆகாது. நாளைக்கு வேற ஆளப் பாரு. லாரியில இருந்து மூட்டை இறக்கினாக்கூட இப்படித் தோள்பட்டை வலிக்கல."

மகள் முகம் சுருங்கியது. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டை மூடினாள்.

அவர் மனைவி விடுதி ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். மறுநாள் மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்தவள், மகள் மாடியில் துணி எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, சமையலறை வாசலிலேயே அவரைப் பிடித்தாள்.

"நீங்க ஆட மாட்டேன்னு சொன்னீங்களாமே?"

"ஆடறதா அது? அடிமாட்டு வேலை."

"மெதுவாப் பேசுங்க. அவ கேம ஏற்கெனவே ரெண்டு பேர ஆட வச்சிருக்காங்க. ரெண்டு பேரும் ரெண்டாவது நாளே ஒண்ணும் புரியலன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். அவ தமிழ் சரியில்லன்னு கம்பெனிப் பெரியவர் முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. மூணாவது ஆளும் எந்திரிச்சுப் போனா, மொத்தத்தையும் வேற ஆள வச்சு முதல்ல இருந்து எழுதப் போறாங்களாம். இவ வேலைக்கும் வேட்டு."

தராசு சுவரில் சாய்ந்தார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதாம். சொல்லிட்டு ஆட வச்சா செல்லாதாம். நான் சொன்னேன்னு மூச்சு விடாதீங்க, சாமி."

மகள் துணியோடு இறங்கி வந்தபோது தராசு கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"நேத்து ஏதோ அலுப்புல சொல்லிட்டேன். போடு."

அதிலிருந்து அவர் பேச்சே மாறிவிட்டது. தொப்பிக்காரன் குட்டையில் விழுந்தான். "நல்லா இருக்கு" என்றார். பூசணிக்காய்களைத் தூக்கப் போனால் பை நிரம்பிவிட்டது, பத்துக்கு மேல் தூக்க முடியாது என்றது. ஒரு நாளைக்கு நானூறு மூட்டை தூக்கியவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பத்து போதும், நல்லா இருக்கு" என்றார். கட்டங்கள் விரிந்து விரிந்து மறைந்தன. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இரண்டாம் மத்தியானத்தில் மட்டும் 'நல்லா இருக்கு' என்று பதினான்கு தடவை மகளின் நோட்டில் ஏறியது. பதினைந்தாவதை அவள் எழுதவில்லை.

வாய்தான் நல்லா இருக்கு என்றது. வயிறு எரிந்தது. நாலு பூசணி, ஆறு கேரட், வேலியோரம் கிடைத்த ஒரு கூடை காளான் என்று விளைந்தது, கிடைத்தது அத்தனையும் அந்த மஞ்சள் குடைக்காரிக்குக் கொண்டுபோய்க் கொட்டினார். அவள் துள்ளினாள். தலைக்கு மேல் இதயங்கள் வரிசை கட்டின. கடன் 12,470.

மூன்றாம் மத்தியானம் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டே டிவியைப் பார்த்தாள். "யாருங்க இவ? உங்களப் பார்த்தாலே குதிக்கறா?"

"கடன்காரி."

"கடன்காரி எங்கயாவது இப்படிக் குதிப்பாளா? மண்டைக்கு மேல ஒன்பது இதயம் வச்சிருக்கா. எனக்கு ஒரு முழு வருஷத்துல ஒரு கேரட் வாங்கிக் கொடுத்திருப்பீங்களா?"

"ஏம்மா, நீ வேற."

"நான் வேறதான். அவ வேறதான். அதான் கேக்கறேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அந்த நேரம் திரையில் ஒரு தபால் வந்து விழுந்தது. உறையில் இதயம் ஒட்டியிருந்தது. தராசு பிரிக்காமலேயே பைக்குள் போட்டார். அவர் மனைவி, "பிரிச்சுப் படிங்களேன், கூச்சப்படாம" என்றாள். தராசுக்குக் காது சிவந்தது. பிரித்தால் கட்டம் வரும், கட்டம் வந்தால் மறையும். இரண்டு பேர் எதிரே அந்தக் கண்ணாமூச்சி ஆட அவர் தயாராக இல்லை.

அந்த எரிச்சலில்தான் ஒரு வழி பிறந்தது. பை நிரம்பி, வேலிக் கதவு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "போய்த் தொலை" என்று ஒரு பூசணியை அங்கிருந்த மரப்பெட்டிக்குள் தூக்கி எறிந்தார். மறுநாள் விடிந்ததும் கணீரென்று சத்தம் கேட்டது. நூற்றுப் பத்துக் காசு வந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த பலகை முன் போய் நின்றார். பலகை மறையவில்லை. நின்று நிதானமாக, எழுத்தெழுத்தாகப் படித்தார். விலைப்பட்டியல். அதற்குக் கீழே, 'கடன் கட்ட இங்கே அழுத்தவும்'. அழுத்தினார். மூலையில் இருந்த தொகை 12,360 ஆனது.

அதன்பிறகு தொப்பிக்காரனுக்குச் சாப்பாடு, தூக்கம் இரண்டும் போனது. காலையில் கொத்து, மத்தியானம் தண்ணீர், சாயங்காலம் பெட்டி. தண்ணீர் ஊற்றி ஊற்றி இரண்டு தடவை வயலிலேயே மயங்கி விழுந்தான். மருத்துவர் வந்து தூக்கிப்போய் மருந்து கொடுத்துக் கட்டணத்தைப் பிடுங்கினார். தபால்காரன் பேச வந்தால் தராசு சுற்றிக்கொண்டு போனார். ஊரே ஆற்றங்கரையில் கூடிப் பாட்டுப் பாடியபோது இவர் மட்டும் முட்டைக்கோஸ் அறுத்தார். மாதம் முடிவதற்குள் கட்டவில்லை என்றால் வீட்டைப் பிடுங்கிவிடுவாள், ஆட்டம் நின்றுவிடும், மகள் வேலை போய்விடும். அவர் தலைக்குள் கணக்கு அப்படித்தான் ஓடியது.

நாலாம் மத்தியானம் இருபத்தெட்டாவது நாள் முடிந்தது. பலகையில் இன்னும் முந்நூற்று நாற்பது பாக்கி இருந்தது. திரை மெல்ல இருண்டு, 'வசந்தம் முடிந்தது' என்று பெரிதாக எழுதிக்கொண்டது. வீட்டை யாரும் பிடுங்கவில்லை. தராசு நெடுமூச்சு விட்டார். தோள் இரண்டும் கட்டையாக இறுகியிருந்தன.

"முடிச்சிட்டேன்ல? இனிமே உங்க ஆபீஸ்ல வாயத் திறக்க மாட்டாங்கல்ல?"

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையணை உறையை இன்னும் சின்னதாக மடித்தாள்.

"பத்துக் கேள்விப்பா. அதோட முடிஞ்சுது" என்றாள் மகள். "மழை நாள்ல தபால்காரன் என்ன சொன்னான்?"

"மழை பெய்யுதுன்னு சொன்னான்."

"மருத்துவர் உங்கள எங்க வரச் சொன்னாரு?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவள் பேனா மெதுவாயிற்று. "கடைக்காரி அந்தக் கடனப் பத்தி என்ன சொன்னா?"

இதற்குத் தராசு தடுமாறவே இல்லை. "இந்த மாசத்துக்குள்ள கட்டணும், இல்லன்னா வீட்ட எடுத்துக்குவேன். நாளுக்கு நாள் வட்டி ஏறும். அப்படின்னா."

மகள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அவ அப்படிச் சொல்லலப்பா." மகளின் குரல் இறங்கியிருந்தது. "'இந்தக் கடனை நீங்கள் உங்களுக்கு வசதிப்படும்போது தந்தால் போதும். வட்டி கிடையாது, அவசரமும் கிடையாது. முதலில் ஊரைச் சுற்றிப் பாருங்கள்.' இதான் சொன்னா. நான் எழுதினது. எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி."



அவள் மற்ற ஏழு கேள்விகளைக் கேட்கவில்லை. நோட்டைப் புரட்டிப் பதினான்கு 'நல்லா இருக்கு'களையும் பார்த்தாள். "அந்தப் பெரியவர் சொன்னது சரிதான். அந்த ரெண்டு பேருக்கும் புரியல. உங்களுக்கும் புரியல. நான் எழுதினா பெத்த அப்பாவுக்கே புரியல." பக்கத்தின் அடியில் எழுத ஆரம்பித்தாள். கண்ணைத் துடைக்காமலேயே எழுதினாள்.

எழுதுவதைத் தராசு எட்டிப் பார்த்தார். காகிதத்தில் இருந்த எழுத்து ஓடவில்லை. 'மொழி நடை வாசகருக்குப் புரிய' என்பது வரை படித்தார். அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இப்போதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஏழு வருஷமாகக் காப்பாற்றிய மானம் அப்படியே இருக்கும். மகள் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து செய்தது கெட்டுப்போகும்.

"எழுதாத" என்றார்.

"உண்மையத்தானப்பா எழுதறேன்."

"உண்மை இல்ல அது. உன் தமிழ் புரியாம இல்ல. நான் படிக்கவே இல்ல. படிக்க விடல." கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல் டிவியைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு வேகமாப் படிக்க வராது பாப்பா. எழுத்தெழுத்தாத்தான் போவேன். இன்னிக்கு நேத்து இல்ல, எப்பவும் அப்படித்தான். மூட்டைச் சீட்டு நிக்கும், படிப்பேன். பஸ்ஸு நிக்கும், படிப்பேன். உன் கடைக்காரி நிக்க மாட்டேங்கறா! வாயத் திறக்கறா, ரெண்டு சொல்லு வருது, மூடிட்டுப் போயிடறா. நான் பின்னாடியே ஓடி, அம்மா தாயே, இன்னொரு தடவ சொல்லுன்னு கேக்க முடியுமா? தபால்காரன் அப்படி. டாக்டர் அப்படி. கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரு உறைய வேற அனுப்பி வச்சா, அதுவும் இப்படித்தான் ஓடும்னு தொடவே இல்ல. நாலு நாளா கண்ணக் கட்டிக்கிட்டு உழுதிருக்கேன். முள்ளங்கிய வரவு வைன்னு கொடுத்தா இளிக்கறா. எட்டுச் செடிக்கு மயக்கம் போடறவன வச்சுக்கிட்டு வீடு போயிடுமேன்னு வேகாத வெயில்ல நிக்கறேன். நல்லா இருக்காம், நல்லா! என் தலையெழுத்து மாதிரி இருக்கு!"

மகள் எழுதவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுது!" என்று தராசு கத்தினார். "வாய்விட்டுச் சொல்லுன்னியே, இப்பச் சொல்றேன். எழுது!"

அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். புதுப் பக்கத்தில் வேகவேகமாக எழுதினாள். ஆட்டம் முழுக்கப் பதிவாகியிருந்தது. முதல் நாள் பதிவை ஓட்டி, கடைக்காரி கட்டம் வந்து மறைகிற நேரத்தைப் போனில் அளந்தாள். நாலு நொடி. பிறகு கட்டம் நிற்கிற இடத்தில் பதிவை நிறுத்தினாள்.

"இப்பப் படிங்கப்பா. அவசரமே இல்ல."

தராசு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். உதடு அசையப் படித்தார். 'வசதிப்படும்போது' என்ற இடத்தில் ஒரு தடவை நின்று மறுபடி எடுத்தார். கடைசிச் சொல் வரை போனார்.

"முப்பத்தோரு நொடி" என்றாள் மகள்.

தராசு தலை குனிந்தார்.

"ஏய், எனக்கும் வை" என்று அம்மா துணியை ஒதுக்கிவிட்டு வந்தாள். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள். தினமும் பேப்பர் படிக்கிறவள். மகள் வேறொரு கட்டத்தை நிறுத்திக் காட்டினாள். அம்மா படித்து முடித்தாள்.

"பதினொன்னு."

"பார்த்தியா? எனக்கே பத்தலயேடி. அவரு என்ன பண்ணுவாரு? யாருடி அந்த நாலு நொடி வச்ச மகராசன்?"

மகள் தானும் ஒன்றைப் படித்தாள். அவளுக்கு மூன்று நொடிதான் ஆயிற்று. "நான் எழுதினது. மனப்பாடமா இருக்கு" என்றாள் மெதுவாக. "அதான் எனக்குத் தெரியவே இல்ல. வேற மொழிக்கு வச்ச நேரத்த அப்படியே நமக்கும் வச்சிருக்காங்க. நம்ம வரி நீளம்."

அன்றைக்கே ரிப்போர்ட்டை அனுப்பினாள். முப்பத்தொன்று, பதினொன்று, நாலு என்ற மூன்று எண்களும் முதல் வரியில் இருந்தன. மறுநாள் தராசு கிடங்குக்குப் போனார். புதுச் சிமெண்ட் தரையில் கால் வழுக்கியது. நாள் முழுக்க அதைத் திட்டிக்கொண்டே தூக்கிவிட்டுச் சாயங்காலம் வீட்டுப் படியேறியபோது மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"பெரியவர் போன் பண்ணினாரு. மொத்தத்தையும் பார்த்துட்டாராம். இனிமே நாமளா பட்டன அழுத்தற வரைக்கும் கட்டம் நிக்கும். முன்னாடி போன அந்த ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டாங்களாம். அவங்களும் படிக்க முடியலன்னுதான் சொல்றாங்க. சொல்லக் கூச்சமா இருந்துச்சாம். என் தமிழ்ல கை வைக்க மாட்டாங்கப்பா."

தராசு செருப்பைக் கழற்றிக்கொண்டே "ம்" என்றார். கழற்றிய செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே டிவிக்குப் பக்கத்தில் ஒயர்கள் சுருட்டப்பட்டிருந்தன. மகள் கருவியை மறுநாள் ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். "நீங்க ஆடினத அழிச்சிட்டுத்தான் கொடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பட்டனில் கை வைத்தாள்.

"இரு. முந்நூத்தி நாப்பது பாக்கி."

"அது போயிடும்பா. தள்ளுபடின்னு வச்சுக்கோங்க."

"தள்ளுபடி பண்ண நீ யாரு? கொடுத்தவ அவ."

"அவசரமில்லன்னு அவளே சொல்லிட்டாளே!"

"அவ நல்லவ. அதுக்காக நான் ஏமாத்திட்டு ஓடணுமா? மாட்டு ஒயர."

மாட்டினாள். ஆட்டத்தில் கோடைக்காலம் தொடங்கியிருந்தது. வயலைப் பார்த்த தராசு அப்படியே நின்றார். வசந்தப் பயிர் மொத்தமும் ஒரே ராத்திரியில் காய்ந்து சருகாகியிருந்தது. பதினேழு முட்டைக்கோஸ், பெட்டிக்குப் போகத் தயாராக இருந்தவை, ஒன்றுகூட மிச்சமில்லை.

"இது எந்த ஊரு நியாயம்? நேத்து வரைக்கும் பச்சையா இருந்துச்சு!"

மகள் இப்போது பேசலாம். இருந்தும் பேசவில்லை. தராசு காய்ந்த வயல் நடுவே தொப்பிக்காரனை நிறுத்திவிட்டு யோசித்தார். பிறகு கடைக்கு நடத்திக்கொண்டு போய்ப் பலகை முன் நிறுத்தினார். மேலிருந்து கீழ் வரை படித்தார். பழைய மண்வெட்டி நூற்று ஐம்பது. தண்ணீர்க் குவளை நூற்று இருபது. கோடரி தொண்ணூறு.

"வேலைய விட்டுப் போறவனுக்கு மண்வெட்டி எதுக்கு?" என்றார். மூன்றையும் ஒவ்வொன்றாக விற்றார். கையில் முந்நூற்று அறுபது சேர்ந்தது. கடன் கட்டும் இடத்தில் அழுத்தினார். மேல் மூலையில் இருந்த சிவப்புத் தொகை அணைந்தது. பலகையில் 'கடன் 0' என்று விழுந்தது.

கடைக்காரி குடையை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தாள். கட்டம் விரிந்து, இன்னும் பழைய ஆட்டம்தானே, நாலு நொடியில் மறைந்தது. தராசு அதைப் படிக்கக்கூட முயலவில்லை.

"மிச்சம் இருபது காசு இருக்கே" என்றாள் அவர் மனைவி பின்னாலிருந்து. "அவளுக்கு ஒரு கேரட் வாங்கிக் கொடுத்துட்டு வாங்க."

"ஒண்ணும் வேணாம்" என்றார் தராசு. கன்ட்ரோலரை மகள் கையில் வைத்தார். "இப்ப அழிச்சுக்கோ."